இருநூறு கேள்வித்தாள், இருநூற்றுப் பதிமூன்று பதில்

"குடும்பச் செலவு பத்தி இருநூறு வீட்டுக்குக் கேள்வித்தாள் அனுப்பினேன், இருநூத்திப் பதிமூணு திரும்பி வந்திருக்கு. பூமியில எந்தப் பொருளாதாரக்காரனுக்கும் இந்த யோகம் அடிச்சதில்ல!" என்று ஓய்வுபெற்ற பேராசிரியர் குராமொச்சி துறையின் தேநீர் அறையில் மார்தட்டினார்.

புள்ளிவிவரம் சரிபார்க்கும் நிஷிவாக்கி சிரிக்கவில்லை. "மிச்சத்தை வீட்ல உக்காந்து நீங்களே எழுதினீங்களா, சென்செய்?" என்று, ஆசிரியரை அழைக்கும் அந்த மரியாதைச் சொல்லை விடாமலே கேட்டார்.

நிஷிவாக்கி கையெழுத்துப் போடாவிட்டால் அறிக்கை அச்சேறாது. குராமொச்சிக்கோ இதுதான் கடைசி ஆய்வு. ஆனாலும் கண்ணைச் சிமிட்டி, "நீயே போய்ப் பாரேன்!" என்றார்.

மறுநாளே நிஷிவாக்கி, கேள்வித்தாள்கள் போன பேட்டைக்குப் போனார். அங்கே அக்கம்பக்கச் செய்திகளைத் தாங்கி வீடு வீடாகச் சுற்றும் அட்டை ஒன்று உண்டு. யாரோ அதில் கேள்வித்தாளைச் செருகிவிட்டார்கள். அட்டையில் வந்ததைக் கண்டுகொள்ளாமல் அடுத்த வீட்டுக்குத் தள்ளினால் ஊர் என்ன நினைக்கும்? ஆய்வுக்கு வீடுகளைத் தேர்ந்தெடுத்த குலுக்கலில் பெயர் விழாதவர்களும் கடையில் நகலெடுத்து நிரப்பி அனுப்பிவிட்டார்கள்.

"எங்களை மட்டும் ஏன் விட்டீங்க? நாங்க என்ன, செலவே பண்ணாமலா இருக்கோம்?" என்று அப்படி விடுபட்ட ஹியூகா அம்மாள் அவரையே மடக்கினாள்.

மாலையில் திரும்பிய நிஷிவாக்கி பையிலிருந்து, பேட்டையில் புதிதாக நிரப்பிக் கொடுத்த இரண்டு தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். "உபரியைத் தனியா வைங்க, கையெழுத்துப் போடுறேன். நடந்தது நிஜம்தான், சென்செய். இப்ப இருநூத்திப் பதினஞ்சு."