சப்பாத்தோடு ஒரு படம்

யேசு பாடுபட்ட கதையை நாடகமாகப் போட்டோம். யேசு ஒரு ஆமிக்காரன். சாட்டையால் அடிக்கும் சேவகர்கள் கைதிகள். அப்படி ஆட்களைப் பிரித்தது முகாமின் மேஜர்.

2009, தவக்காலம். வடக்கே சண்டை முடியவில்லை. காயப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் திருகோணமலைக்கு வந்துகொண்டிருந்தன. காயக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கூட வந்த ஆம்பிளைகளில் சந்தேகப்பட்டவர்களைக் கப்பல்துறை என்ற ஊருக்கு உள்ளே ஒரு பழைய நெல் களஞ்சியத்தில் அடைத்தார்கள். நானும் கிறிஸ்தோபரும் அப்படித்தான் அங்கே போனோம். இரண்டு பேரும் மன்னார்க் கரைக்காரர். அவனுடைய மனைவி எல்சிக்கு ஷெல் பட்டு ஒரு கால் போய்விட்டது. கப்பலில் அவளை மடியில் வைத்துக்கொண்டு வந்தவனை இறங்குதுறையில் இழுத்துப் பிரித்தார்கள். அதன்பிறகு அவள் இருக்கிறாளா இல்லையா என்றே அவனுக்குத் தெரியாது.

வெளியிலிருந்து பெரிய ஆட்கள் கமராக்களோடு வரப்போகிறார்கள் என்றதும்தான் மேஜருக்கு நாடக ஆசை பிடித்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. கோப்ரல் நிலங்கதான் வந்து சொன்னான். நீர்கொழும்புக் கத்தோலிக்கன், தமிழ் நன்றாகப் பேசுவான். யேசு வேஷமும் அவனுக்குத்தான்.

"கிறிஸ்தோபர், நீ நல்லா நடிச்சா உன்ட மனுசியை ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிக்கொண்டு வருவாராம் மேஜர் சேர். இருந்து கதைக்கலாமாம்."

"அவ இருக்கிறாவோ?"

"இருக்கிறா. நான் விசாரிச்சனான்."

கிறிஸ்தோபர் அப்படியே நிலத்தில் குந்திவிட்டான். முகத்தைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, "எந்தக் கட்டத்தில நான் அடிக்க வேணும்?" என்று கேட்டான்.

என்னைப் பார்க்க வர ஒருவரும் இல்லை. எனக்குத் திரை இழுக்கும் வேலை. கட்டில் விரிப்புகளைத் தைத்த திரை, மூத்திர வாடை போகவே இல்லை. தும்புக் கயிற்றுச் சாட்டையில் தக்காளி சோஸ் பூசினோம். இலையான் மொய்த்தது. ஒத்திகையில் நிலங்க கத்துவான்: "மெதுவாடா! நான் கடவுள் இல்ல, அடுத்த கிழமை லீவுல போற ஆள்!" கைதிகள்கூடச் சிரித்தோம். சிரித்ததை நினைக்கவும் அருவருப்பாக இருக்கிறது.

எங்கள் ஊரில் இந்த நாடகத்துக்கு ஒரு முறை உண்டு. யேசுவாக மனிதர் நிற்பதில்லை, கோயில் சிலையை, சுரூபத்தைத்தான் நிறுத்துவார்கள். சேவகனாக வருகிறவன் சாட்டையைத் தூக்கும் முன் சனத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு, சுரூபத்தின் காலில் முத்தம் வைத்துக் கொஞ்சி மன்னிப்புக் கேட்பான். கேட்காமல் அடித்தால் அந்தக் கை விளங்காது என்று பயம். ஒத்திகையில் அதைச் செய்வதில்லை, நாடகத்தன்று மட்டும்தான். ஆகவே மேஜருக்கு அது தெரியாது.

அந்த நாளும் வந்தது. முன்வரிசையில் வெள்ளைத் துணி போட்ட கதிரைகள். ஓரமாக, சில்லு வைத்த கதிரையில் எல்சி. ஆஸ்பத்திரி வான் வண்டியில் அவளைக் கொண்டுவந்து தள்ளிக்கொண்டு நின்றவன் அங்கே வேலை செய்கிற கிண்ணியாப் பொடியன் ஸப்வான். எண்ணெய்த் தகரத்தை வெட்டிச் சேவகனின் தலைக்கவசமாக மாட்டிக்கொண்டு நின்ற புருஷனைக் கண்டதும் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்னப்பா இது? தகரத்தைக் கவிட்டிருக்கிறீங்கள்!"

கிறிஸ்தோபருக்குக் கண் கலங்கியது. கிட்டப் போக விடவில்லை. நாடகம் முடிய வேண்டும்.

அடிக்கும் கட்டம் வந்தது. அவன் யோசிக்கவே இல்லை. பிறந்த ஊரில் செய்ததைச் செய்தான். முழந்தாளிட்டு, வெறுங்காலோடு நின்ற நிலங்கவின் பாதத்தைக் கொஞ்சினான். நிலங்க திடுக்கிட்டுக் கும்பிட்டான். கமராக்கள் வெளிச்சத்தை மழை மாதிரிப் பொழிந்தன. அதற்குப் பிறகு சாட்டையால் நிலத்தில் அடித்ததையோ, சிலுவை தூக்கியதையோ யாரும் படம் பிடிக்கவில்லை.

திரையை மூடினேன். மேஜர் உள்ளே ஓடி வந்தார். அவ்வளவு சந்தோஷம். சிங்களத்தில் என்னவோ சொன்னார். நிலங்க முள்முடியைக் கழற்றி வைத்துவிட்டு, போய்ச் சீருடையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வந்தான்.

"இன்னொருக்கா கொஞ்சட்டாம். இப்ப சப்பாத்தோட. வெளியில வெளிச்சத்தில."

"இதுவும் நாடகத்தில வாறதோ கோப்ரல்?"

"கேள்வி கேக்காத. ஒரு படம். அது முடிஞ்சாத்தான் அவவோட கதைக்கலாமாம்."

"நான் ஏன் கொஞ்சினனான் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்." நிலங்க குனிந்து சப்பாத்துக் கயிற்றை இறுக்கினான். "தெரிஞ்சு நான் என்னத்தைச் செய்ய?"

முற்றத்தில் எல்லாரும் வட்டமாக நின்றார்கள். விருந்தாளியாக வந்த ஒரு நோனா கையிலிருந்த பற்றிஸ் பலகாரத்தைத் தின்றுகொண்டே எட்டிப் பார்த்தாள். படம் பிடிக்கிற ஒருவன் கிறிஸ்தோபரின் தோளைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பினான், கடையில் மீனைப் புரட்டிப் பார்க்கிற மாதிரி. நிலங்க ஒரு காலை முன்னுக்கு வைத்தான். எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றான்.

கிறிஸ்தோபர் எல்சியைப் பார்த்தான். கூப்பிட்டால் கேட்கிற தூரம். ஒரு முழந்தாளை நிலத்தில் ஊன்றினான்.

"ஸப்வான் தம்பி, என்னைக் கொண்டுபோய் வானில ஏத்துங்கோ," என்றாள் எல்சி.

"என்ன அக்கா, அவரோட ஒரு சொல்லும் கதைக்கல்லயே!"

"ஏத்துங்கோ எண்டுறன்!" பிறகு முற்றம் முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டாள். "இஞ்சாருங்கோ! நான் போறன். எனக்காண்டித்தான் குனியிறீங்கள் எண்டால் எழும்புங்கோ!"

ஸப்வான் கதிரையைத் திருப்பினான். மேஜர் வாசல் காவலுக்குக் கையை உயர்த்தினார், மறிக்கச் சொல்லி. அதற்குள் கமராக்கள் எல்லாம் ஒரு கால் இல்லாத அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பிவிட்டன. உயர்த்திய கையை மேஜர் அப்படியே ஆட்டினார், வழியனுப்புகிற மாதிரி. சிரிப்பு வேறு. நான் எத்தனையோ பிணங்களைத் தாண்டி வந்தவன். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எல்சி திரும்பிப் பார்க்கவில்லை. வான் கதவைச் சாத்தினார்கள். கண்டி ரோட்டுப் பக்கம் புழுதி எழும்பி அடங்கும் வரைக்கும் கிறிஸ்தோபர் அரை முழந்தாளில் இருந்தான். பிறகு எழும்பி, சாரத்திலிருந்த மண்ணைத் தட்டினான்.

மேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக என்னவோ சொன்னார்.

"சேர் கேக்கிறார்..." என்று தொடங்கினான் நிலங்க.

"இனி என்னத்தைக் காட்டி என்னைக் குனிய வைப்பாராம் எண்டு கேட்டுச் சொல்லுங்கோ கோப்ரல்."

நிலங்க அதை மொழிபெயர்க்கவில்லை.