தண்ணீரில் வந்த வாங்கு

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்கு மூன்றாம் நாள் விடியும்போது, எங்கள் முற்றத்துத் தண்ணீரில் ஒரு வாங்கு மிதந்துகொண்டிருந்தது. கல்முனை மாதா கோயிலின் முன்வரிசை நீள மர இருக்கை. சாய்மானத்தில் 'தம்பிமுத்து குடும்பம்' என்று வெட்டியிருந்தது.

அந்தக் கோயிலின் பீடத்துணிகளை வெளுப்பவர் அம்மா. ஆனால் பூசைக்குப் போனால் நாங்கள் கதவோரத்தில் பாயில்தான் இருப்போம். அப்படி இருக்கும்படி எவரும் சொன்னதில்லை, எவரும் மாற்றியதுமில்லை. பாதர் நீதியைப் பற்றிப் பிரசங்கிக்கும்போது அம்மா பாயில் இருந்தபடியே தலையாட்டுவார்.

வீட்டு நிலமெல்லாம் சேறு. அன்றிரவு வாங்கை உள்ளே இழுத்துப்போட்டு நான் அதில் படுத்துக்கொண்டேன். அம்மா ஏறவில்லை. கண்ணை மூடியதும் வாங்கு நகர்ந்தது. வரம்புகள் மறைந்து, யாருடைய வயல் என்று தெரியாத ஒரே வெளிச்சத்தின் மேல் போனேன். அம்மா இடுப்பளவு நீரில் பக்கத்திலேயே நடந்து வந்தார். "ஏறுங்கம்மா" என்றேன். "சீலை ஈரம், மகள்" என்றார்.

மறுநாள் ஞாயிறு. அயல்வீட்டு முஸ்லிம் அண்ணன் காலிதீன் காக்கா, வாங்கைக் கோயிலுக்கு ஏற்றிப்போக மாட்டு வண்டி கொண்டுவந்தார். பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைப்பதையும் அவர்கள் வாங்கு என்றுதான் சொல்வார்கள்.

"எங்கட வாங்கு காத்துல வரும். உங்கட வாங்கு தண்ணியில வந்திருக்கு, குஞ்சம்மா!" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

கோயிலுக்குக் கூரை இல்லை. வானம் பீடம்வரை இறங்கியிருந்தது. சேறு வாரிக்கொண்டிருந்த பாதர் ஓடிவந்து வாங்கின் ஒரு முனையைப் பிடித்தார்.

"பாதர், எங்கட வாங்கு எல்லாரையும் கூப்பிடும். இது ஆரைக் கூப்பிடும்?" என்றார் காலிதீன் காக்கா.

பகிடிதான். பாதர் மட்டும் சிரிக்கவில்லை. கதவோரத்தைப் பார்த்தார். பாயும் வெள்ளத்தோடு போயிருந்தது. அம்மா அங்கே நின்றார்.

பூசை தொடங்க நடுப்பகலாகிவிட்டது.

"குஞ்சம்மா அக்கா, முன்னுக்கு வந்து இதுல இருங்க" என்றார் பாதர்.

"அது எங்கட வாங்கு, பாதர்" என்றார் தம்பிமுத்து முதலாளி.

"ஓம், வாசிச்சன். ரெண்டு வருசமா நீதி நீதியெண்டு கத்தினன். இந்த அக்கா நிலத்தில இருந்து கேட்டவ. எனக்கு வெக்கமாக் கிடக்கு. அவ இருக்காம நான் பூசை தொடங்க மாட்டன்."

கதவிலிருந்து முன்வரிசைக்கு அம்மா வந்து சேர, என் கனவில் அவர் நடந்த அவ்வளவு நேரமும் எடுத்தது. உடைந்துவிடும் என்று பயந்தவர்போல் வாங்கின் விளிம்பில் இருந்தார். பக்கத்தில் நான். முதலாளி நின்றுகொண்டே இருந்தார்.

திறந்த வானத்தால் பள்ளிவாசல் ஓசை வந்தது. மின்சாரம் இல்லாத ஊரில் வெறுங்குரல்.

"வாங்கு கேக்குது, மகள்" என்று கிசுகிசுத்த அம்மா, சீலையை ஒதுக்கிக்கொண்டு என் பக்கம் நகர்ந்தார். முதலாளி இருப்பதற்கு இடம் விட்டார்.