தகவல் சொல்லியாச்சு

அண்ணி இந்த வீட்டை விட்டு ஓடியபோது எடுத்துப் போகாத போன் அது. அம்மா அதற்குத் தவறாமல் சார்ஜ் போட்டு, காசு போட்டு, உயிரோடு வைத்திருந்தாள். அவளைத் தேடி யாராவது கூப்பிட்டால் துப்பு கிடைக்கும் என்ற ஆசை.

அன்று காலை அது அடித்தது. ஸ்பீக்கரில் போட்டுத்தான் அம்மா பேசுவாள்.

"சிறையிலேருந்து பேசுறோம். புகார் கொடுத்தவங்கதானே நீங்க?"

"ஆமா, நான்தான்," என்றாள் அம்மா, கூசாமல்.

"உங்க வீட்டுக்காரர் இன்னைக்கு மதியம் ஜாமீன்ல வெளிய வர்றார். சொல்லணும்னு உத்தரவு. ஜாக்கிரதையா இருங்கம்மா."

"சரிங்க." போனை வைத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

நான் பின்னாலேயே போனேன். "ஏம்மா, அண்ணிக்கு வந்த சேதியை நீ வாங்கிக்கிட்டா என்ன அர்த்தம்?"

"என் புள்ள வீட்டுக்கு வர்றான். அதுக்கு ஊரெல்லாம் தண்டோரா போடணுமாடி?"

அவள் பிள்ளை உடைத்ததில் அண்ணியின் இடது கை இன்னும் முழுதாக நீளாது. அவன் என் கூடப் பிறந்தவன் என்று சொல்லவே நாக்கு கூசுகிறது. போன வாரம் சிறையில் பார்க்கப் போனபோது, வாலு எத்தனை மணிக்குப் பள்ளி விட்டு வருவாள் என்றுதான் கேட்டான். வாலு அவன் மகள். பள்ளியை மாற்ற அப்பன் கையெழுத்து வேண்டும், அவன் போடவில்லை. அவன் உள்ளேதானே இருக்கிறான் என்ற தைரியத்தில் அண்ணி தினமும் அந்தப் பழைய பள்ளிக்கே வந்து பிள்ளையைக் கூட்டிப் போகிறாள்.

ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன்.

"தகவல் சொல்லியாச்சேம்மா. அவங்களே எடுத்துப் பேசினாங்கன்னு சிறையில எழுதியிருக்காங்க."

"பேசினது எங்க அம்மா சார்! அண்ணி நம்பரை மாத்திட்டாங்க."

"புது நம்பரை எங்களுக்கு யாரும் தரலையே. அது காப்பகத்துலதான் இருக்கும். நீங்க உங்க அம்மாவக் கூட்டிட்டு வாங்க, எழுதிக்கலாம்."

அம்மாவைக் கூட்டிப் போவதாம்! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அடுத்து, அண்ணி தஞ்சம் புகுந்திருக்கும் பெண்கள் காப்பகம். அண்ணிக்கு நம்பரை மாற்றிக் கொடுத்ததும், அதை யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியதும் அவர்கள்தான்.

"அப்படி ஒருத்தர் இங்க இருக்காங்களா இல்லையான்னு நாங்க சொல்றதில்லைங்க," என்றாள் எடுத்தவள்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நான் சொல்றத மட்டும் கேளுங்க. அவன் இன்னைக்கு வெளிய வர்றான்."

"நீங்க யாரு?"

"நாத்தனார்."

அந்தப் பக்கம் குரல் இறுகியது. "போன தடவை ஒருத்தர் இப்படித்தான் பொய் சொல்லிப் பயமுறுத்தினார். நாங்க ஒரு பொண்ண அவசரமா வேற இடம் மாத்தினோம். வாசல்லயே ஆள் நின்னு அவளப் பின்தொடர்ந்து போனான். நிஜமா விடுதலைன்னா போலீஸ்லேருந்து எங்களுக்கு வரும். வைக்கிறேன்."

அவளைத் திட்ட வாய் வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் நாத்தனாரை நம்பியிருக்க மாட்டேன்.

பள்ளிக்கே ஓடினேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் கூண்டுக்குள் ஒட்டியிருந்த போட்டோவைப் பார்த்தார். எங்கள் குடும்பப் போட்டோ. அண்ணன், அம்மா, நான்.

"உங்க வீட்டு ஆளுங்க கேட்டுப் பக்கமே வரக்கூடாது. தள்ளிப் போங்க."

"டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா, அவங்க அப்பா..."

"தள்ளிப் போங்கன்னு சொன்னேன்ல?"

எதிர்ப்புறம் போய், பள்ளி விடும் வரை நின்றேன். மணி அடித்துப் பிள்ளைகள் கொட்டிக்கொண்டு வந்தார்கள். அந்த இரைச்சலில் அண்ணி வாலுவின் கையைப் பிடித்தபடி வெளியே வந்தாள். "அண்ணி! அண்ணி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அவள் திரும்பினாள். என்னைக் கண்டதும் முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு நொடி நின்றாள். பிறகு பிள்ளையை இழுத்துக்கொண்டு எனக்கு எதிர்த்திசையில் பஸ் ஸ்டாப்பை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள்.

அப்போதுதான் பார்த்தேன். பஸ் ஸ்டாப்பில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான்.

"அந்தப் பக்கம் போகாதீங்க!" என்று அலறிக்கொண்டே ஓடினேன். நான் ஓடி வருவதைப் பார்த்து அண்ணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இன்னும் வேகமாக ஓடினாள்.