மூன்று ராஜாக்களின் காலடியில் இருந்த கடிதம்

பதக்கம் எனக்கெதுக்கு என்று சொல்கிற ஆம்பளையை மட்டும் நம்பவே கூடாது. என் வீட்டுக்காரர் எலாடியோ அப்படிச் சொல்லிக்கொண்டேதான் வாஷிங்டனுக்கு இரண்டு முறை விண்ணப்பம் போட்டார். இரண்டு முறையும் ஊரில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

விஷயம் இதுதான். 1969-இல் வியட்நாமில் அவருடைய இடது தொடையில் குண்டுச் சில்லு பாய்ந்தது. அவர் படையில் மருத்துவ உதவியாளனாக இருந்தவன் ரூஃபினோ கிலேஸ், இந்தத் தீவில் எங்கள் ஊரான உத்துவாதோவுக்கு அடுத்த மலையூர்க்காரன். அவன்தான் சேற்றில் குப்புறப் படுத்துக்கொண்டே கட்டுப் போட்டான். நான்காம் நாள் அவனே செத்துப்போனான். காயத்தைப் பற்றி அவன் எழுதி வைத்திருந்த சீட்டும் அவனோடு போய்விட்டது. ஆக, ராணுவக் காகிதங்களின்படி என் வீட்டுக்காரருக்குக் காயமே படவில்லை. போரில் காயம் பட்டவர்களுக்கு ராணுவம் கொடுக்கிற ஊதாப் பதக்கமும் கிடையாது. நாற்பத்தாறு வருஷமாக அந்தத் தழும்புக்குத் தைலம் தேய்க்கிற எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

"அந்த ஊதாப் பதக்கம் எனக்காக இல்ல இடாலியா," என்பார். "ரூஃபினோ கடைசியா கட்டுப் போட்டது என் கால்லதான். அது ஒரு காகிதத்துலயாவது இருக்கணும்ல?"

சதுக்கத்தில் டொமினோ ஆடுகிற கிழங்கள் வேறு சும்மா இருக்குமா? "எலாடியோ, உன் காலக் கடிச்சது குண்டா, பன்னியா?" என்று நெஸ்டோர் கேட்பான். இவர் சிரித்துவிட்டுக் கட்டையை நகர்த்துவார். வீட்டுக்கு வந்து சாப்பிட மாட்டார்.

இதைவிடப் பெரிய முள் ஒன்று உள்ளே இருந்தது. போரிலிருந்து நொண்டிக்கொண்டு வந்தவரிடம் அவர் அம்மா அந்தக் காயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். காட்டப் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். அக்கா ப்ரோவியும் அப்படியே. "பெத்தவளே நம்பல, வாஷிங்டன்காரன் எங்க நம்பப் போறான்" என்று ஒரு நாள் சொன்னார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் இரண்டு தட்டு உடைந்தது.

இரண்டாவது மறுப்புக் கடிதம் வந்தது ஜனவரி ஐந்தாம் தேதி, சனிக்கிழமை காலையில். ராணுவப் பதிவேடுகளைத் திருத்துகிற குழு மூன்று பக்கம் மரியாதையாக எழுதியிருந்தது. சாரம் ஒரே வரி: அந்தக் காலத்துச் சான்று ஒன்றும் இல்லை. இவர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வாழைக்குக் களை எடுக்கப் போய்விட்டார். நான் அந்தச் சட்டையிலிருந்து கடிதத்தை உருவிக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போனேன்.

ஐந்தாம் தேதி சாயங்காலம் ப்ரோவி வீட்டில்தான், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களுக்குப் பாட்டும் செபமாலையும். மாமியார் காலத்திலிருந்து வருகிற நேர்ச்சை. முழ உயரத்தில் மரத்தில் செதுக்கிய மூன்று ராஜாக்கள், குதிரை மேல், மூவருக்கும் ஒரே அடிப்பலகை. மரியா சூறாவளியில் கூரை பறந்தபோது ப்ரோவி தன் மாத்திரைகளைக்கூட எடுக்கவில்லை. ராஜாக்களைக் கட்டிக்கொண்டு குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு பிடிவாதம்.

அடுப்படியில் ஐம்பது பேருக்குப் பஸ்தேல் கட்டிக்கொண்டிருந்தோம். அரைத்த வாழைக்காயைப் பன்றிக்கறியோடு இலையில் மடித்துக் கட்டுகிற வேலை, கை வேலையில் இருந்தாலும் வாய் சும்மா இருக்காது.

"உன் முகமே சரியில்லையே, என்னடி?" என்றாள் ப்ரோவி.

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. "என்னவா? உங்க தம்பி ரெண்டு தடவை எழுதிக் கேட்டுட்டாரு அண்ணி! கால்ல பட்ட காயத்துக்கு அத்தாட்சி இல்லன்னு ரெண்டு தடவையும் கையை விரிச்சிட்டான். பெத்தவளும் கேக்கல, கூடப் பொறந்தவளும் கேக்கல. நீங்க எல்லாம் என்ன ஜென்மமோ!"

ப்ரோவியின் கையிலிருந்த நூல்கண்டு கீழே உருண்டது. எழுபத்தைந்து வயசுக்காரி, முகம் வெளுத்துப்போயிற்று. பிறகு என் கையைப் பிடித்துத் தரதரவென்று கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய் ராஜாக்கள் முன்னால் நிறுத்தினாள்.

"வேண்டிக்கச் சொல்றீங்களா? அம்பது வருஷமா வேண்டியாச்சு!" என்று கத்தினேன்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். மூன்று ராஜாக்களையும் அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தாள். அடிப்பலகையில் ஒரு மெழுகுத்துணி, சுற்றிலும் சின்னச் சின்ன ஆணி. விரலால் அதைத் தட்டினாள். டொக் டொக். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"உள்ள என்ன அண்ணி இருக்கு?"

"அதைச் சொல்ல முடியாது. அம்மாவோட நேர்ச்சை," என்றாள் ப்ரோவி. "ஒரு கேப்டன் எழுதின கடுதாசி வந்துச்சு. பள்ளிக்கூட டீச்சர் படிச்சுக் காட்டினாங்க. அன்னைக்கு ராத்திரியே அம்மா ராஜாக்கள்கிட்ட மண்டி போட்டா. அவன் நடந்து திரும்பி வந்தா, அந்த... அதைப் பத்தி எங்க வாயால ஒரு வார்த்தை பேச மாட்டோம், இந்தக் கடுதாசி ஒங்களோடயே இருக்கட்டும்னு. அவன் நடந்து வந்தான்."

எங்கள் மலைப்பக்கத்தில் ராஜாக்களுக்குச் செய்த நேர்ச்சை ஆள் செத்தாலும் சாகாது. பொம்மை யார் வீட்டுக்குப் போகிறதோ நேர்ச்சையும் அங்கே போகும். அதனால் இந்த மனுஷி, தம்பி நொண்டுவதைப் பார்த்துக்கொண்டே, ஐம்பது வருஷம் அந்தக் காயத்தைப் பற்றிப் பேசாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நானோ அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். என் நாக்கில் சூடு போட வேண்டும்.

ஆனால் அழுவதற்கு அது நேரமில்லை. எனக்குள் ஆயிரம் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. "கொடுங்க, இப்பவே பிரிப்போம்!"

"தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்," என்றாள் ப்ரோவி. "ராஜாக்களோட இருக்கட்டும்னு அம்மா சொல்லியிருக்கா. அவங்களை விட்டு அது ஒரு அடி நகராது."

நான் யோசித்தேன். மாமியார் கடிதம் ராஜாக்களை விட்டு நகரக் கூடாது என்றுதானே சொன்னாள்? ராஜாக்கள் நகரக் கூடாது என்று சொல்லவில்லையே.

"அண்ணி, அப்போ ராஜாக்களையே கூட்டிட்டுப் போவோம்!"

ப்ரோவி என்னைப் பார்த்தாள், ராஜாக்களைப் பார்த்தாள். முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நீ லேசுப்பட்டவ இல்லடி."

அன்றைக்குச் சாயங்காலம் பாட்டு முடிகிற வரைக்கும் இவரிடம் நான் வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராஜாக்கள் திருநாளும் முடிந்தது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் காரின் முன் சீட்டில் ப்ரோவி, மடியில் மூன்று ராஜாக்கள், எல்லாரையும் சேர்த்து ஒரே பெல்ட். நான் பின்னால். அப்போதுதான் இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். இவர் சாவியைப் போடாமல் ப்ரோவி பக்கம் திரும்பினார். "அக்கா?" என்றார். ப்ரோவி ரோட்டைக் காட்டினாள். போடா, ஓட்டு என்று அர்த்தம்.

மலைக்குக் கீழே அரெசிபோ நகரத்தில் முன்னாள் படைவீரர்களுக்கு உதவி செய்கிற அலுவலகத்தில் யரெலிஸ் இருந்தாள். அவளும் ராணுவத்தில் இருந்தவள்தான். இவருடைய இரண்டு விண்ணப்பங்களையும் அவள்தான் எழுதினாள். வரிசையில் இருந்தவர்கள் ராஜாக்களைப் பார்த்ததும் எழுந்து வழி விட்டார்கள். ஒருவர் சிலுவைகூடப் போட்டுக்கொண்டார். ப்ரோவி ராஜாக்களை மேஜை மேல் கவிழ்த்து, கைப்பையிலிருந்து அடுப்படிக் கத்தியை எடுத்தாள். வாசல் காவலாளி பதறி ஓடி வந்தான். "உட்காரு தம்பி, ஆணி பிடுங்கத்தான்," என்று நான் அவனை அடக்கினேன்.

ஒவ்வொரு ஆணியாக வந்தது. துணியை விலக்கினால், ஐயோ, கரையான் மண்! ப்ரோவி ஊதினாள். உள்ளே ரொட்டி சுற்றி வருகிற மெழுகுத்தாளில் பொட்டலம். கடிதத்தின் ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. டைப் அடித்த எழுத்து, தேதி, கேப்டனின் கையெழுத்து.

யரெலிஸ் ஆங்கிலத்தைப் படித்து எங்கள் மொழியில் சொன்னாள். "உங்கள் மகன் எலாடியோ மர்ரேரோ மார்ச் பதினொன்றாம் தேதி எதிரியின் குண்டுச் சில்லுகளால் இடது தொடையில் காயமடைந்தார். மருத்துவ உதவியாளர் ரூஃபினோ கிலேஸ் அங்கேயே சிகிச்சை அளித்தார்..."

அங்கே அவள் நிறுத்தினாள். இவர் எழுந்து நின்றுவிட்டார். அட்டென்ஷனில், ஒரு சிப்பாய் மாதிரி. "பேரு இருக்கா? அவன் பேரு இருக்கா?"

"இருக்கு ஐயா. 'அதன்பின் அவர் வீரமரணம் அடைந்தார்'னும் எழுதியிருக்கு."

யரெலிஸ் மேஜையை ஓங்கித் தட்டினாள். "இதுதான்! இந்த ஒரு தாள்தான் நமக்கு வேணும்! கொடுங்கம்மா, மூலத்தை ஃபைல்ல வைக்கிறேன்."

ப்ரோவி கடிதத்தையும் ராஜாக்களையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள். கடைசியில் ஸ்கேனர் மேல் கடிதம், அதன் மூடி மேல் ராஜாக்கள், ராஜாக்கள் மேல் ப்ரோவியின் கை. அப்படித்தான் நகல் எடுத்தார்கள். காவலாளி செல்போனில் படம் பிடித்தான்.

பத்து மாதம் போயிற்று. நவம்பரில் பதிவேடு திருத்தப்பட்டது என்று தாள் வந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுச் சேவல் கூரை ஏறிவிட்டது. டிசம்பரில் சதுக்கத்தில் ஒரு கர்னல் வந்து இவர் நெஞ்சில் பதக்கத்தைக் குத்தினார். ரூஃபினோவின் தங்கை மலையேறி வந்திருந்தாள். இவர் அந்தக் கடிதத்தின் நகலை அவள் கையில் கொடுத்தார். அவள் அண்ணன் பெயரின் மேல் விரலை வைத்தாள், எடுக்கவே இல்லை. நெஸ்டோர் முன் வரிசையில் நின்று மற்ற எல்லாரையும்விடச் சத்தமாகக் கை தட்டினான், வெட்கங்கெட்டவன்.

எல்லாரும் வந்து கட்டிப் பிடித்தார்கள். கடைசியாக ப்ரோவி வந்தாள். கூட்டம் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. நேர்ச்சை நேர்ச்சைதான். தம்பியின் முன்னால், மெதுவாக, முட்டி கடகடக்க மண்டி போட்டாள். காற்சட்டையின் மேலே, இடது தொடையில், தழும்பு எங்கே இருக்கிறதோ சரியாக அங்கே உள்ளங்கையை வைத்தாள். ஐம்பது வருஷம் பார்க்காத மாதிரி இருந்தவளுக்கு இடம் எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள்.

வாயால்தானே பேசக் கூடாது.

இவர் குனிந்து அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தார். எழுபத்திரண்டு வயசு மனுஷன் சின்னப் பிள்ளை மாதிரி விசும்பினார்.

"வலிச்சுதுக்கா," என்றார். "ரொம்ப வலிச்சுது."

ப்ரோவி தலையை ஆட்டினாள். கையை எடுக்கவில்லை.