இடம் கொண்ட மட்டும்

மாரிசெல்வி பூனை வளர்க்க ஆசைப்பட்டவள் இல்லை. தாராவியில் அவளும் கணவன் நாகராஜும் முறுக்குச் சுட்டு விற்ற அறையில் அரிசி மாவு மூட்டைகள் நாலைந்து எப்போதும் அடுக்கியிருக்கும். எலிகள் அவற்றை விடவில்லை. பொறி வைத்தார்கள், மருந்து வைத்தார்கள். ஒன்று செத்தால் இரண்டு வந்தது. அப்படி அலுத்துப்போயிருந்த நாளில்தான் சாம்பல் நிறப் பெட்டைப் பூனை ஒன்று வாசலில் வந்து உட்கார்ந்தது. நாகராஜ் துடைப்பத்தை எடுத்தான்.

"வெரட்டாதீய. இருந்துட்டுப் போட்டும்" என்றாள் மாரிசெல்வி.

ஒரே மாதத்தில் மூட்டையில் ஓட்டை விழுவது நின்றது. சந்துக்கே சந்தோஷம். ஆளாளுக்கு மீன் தலையும் குடலும் கொண்டுவந்து போட்டார்கள். எதிர் அறையில் தையல் மெஷின் வைத்திருந்த உமைரா தினம் ஒரு கிண்ணம் பால் ஊற்றினாள். வயிறு நிறைந்த பூனை நாலு குட்டி போட்டது. அதில் மூன்று பெட்டை. மறு வருஷம் தாயும் மகள்களும் மாறி மாறிப் போட்டதில், தீபாவளிக்கு மாரிசெல்வியின் மகள் மானசா எண்ணிப் பார்த்தபோது இருபத்து மூன்று இருந்தன. ஏணிப்படிக்கு ஒன்று, தகரக் கூரைக்கு மூன்று என்று எங்கே கால் வைத்தாலும் பூனை. பூனைகளுக்குக் கருத்தடை செய்யும் ஓர் அமைப்பில் மாரிசெல்வி மழைக்காலத்திலேயே பெயர் கொடுத்திருந்தாள். முறை வரும்போது கூப்பிடுவதாகச் சொன்னார்கள்.

அந்த வருஷம் வீட்டிலும் ஆள் கூடியது. ஊரில் தங்கி வேலை பார்த்த செங்கல் சூளையை மூடியதும் நாகராஜின் அண்ணன் வானமாமலை, மனைவி பேராச்சியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ரயிலேறி வந்துவிட்டான். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. கீழே அடுப்பும் எண்ணெய்ச் சட்டியும். மேலே ஏணி வைத்து ஏறும் மாளா என்கிற பரணில் படுக்கை. மூன்று பேர் படுத்த இடத்தில் ஏழு பேர் படுத்தார்கள். ஒருவர் புரண்டால் எல்லாரும் புரள வேண்டும். ஆனாலும் மாரிசெல்விக்கு அது பாரமாகத் தெரியவில்லை. பேராச்சி மாவு பிழியும் உழக்கைப் பிடித்தால் முறுக்கு ஒரே சீராக விழும். வேலைக்கு நடுவே ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பாள். கூடப் பிறந்தவர்கள் இல்லாத மாரிசெல்விக்கு, வாய் நிறைய அக்கா என்று கூப்பிட ஓர் ஆள் கிடைத்தது.

கார்த்திகையில் ஒரு குட்டி சாப்பிடாமல் படுத்தது. தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்ததே தவிர, ஒரு வாய் குடிக்கவில்லை. மறுநாள் செத்துக் கிடந்தது. அதற்குள் இன்னும் மூன்று அதே மாதிரி உட்கார்ந்துவிட்டன. ஒரே வாரத்தில் ஆறு போய்விட்டன. மானசா அழுத அழுகையைப் பார்க்க முடியாமல், மாரிசெல்வி இரண்டு குட்டிகளை முறுக்கு அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு மகளோடு மாட்டுங்காவுக்குப் பஸ் ஏறினாள்.

அங்கே பிராணி டாக்டர் ஷ்ருதி முதலில் இந்தியில்தான் பேசினாள். தாயும் மகளும் குசுகுசுப்பது காதில் விழுந்ததும் தமிழுக்கு மாறினாள். எத்தனை பூனைகள் ஒன்றாக இருக்கின்றன என்று கேட்டாள்.

"இருவத்து மூணு கெடந்துச்சு டாக்டர். இப்ப பதினேழு" என்றாள் மாரிசெல்வி.

டாக்டர் குட்டிகளைத் தூக்கி மேஜை மேல் வைத்தாள். இரண்டுக்கும் ஊசி போட்டாள். இது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும் வைரஸ், வாந்தியிலும் பீயிலும் பரவும், தரையில்கூட மாசக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று விளக்கினாள். சந்துக்கு இரண்டு மூன்று என்று இருந்திருந்தால் இவ்வளவு வேகமாகப் பரவியிருக்காதாம்.

"நாங்க சோறு போட்டது தப்பா?" என்று கேட்டாள் மாரிசெல்வி.

"தப்புன்னு சொல்லலை. சாப்பாடு கெடைச்சுது, பெருகிடுத்து. ஆனா சாப்பாடு மட்டும் இருந்தாப் போறாதே. இடம் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுதான் நிக்கும். மிச்சத்தை ஏதாவது ஒண்ணு வந்து எடுத்துண்டு போயிடும்."

"இப்ப என்ன செய்ய?"

"பெரிசுல சிலது தாங்கும். குட்டிகளுக்குப் பெரிசா ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

திரும்பி வரும் பஸ்ஸில், சயான் தாண்டுவதற்குள் பெட்டியில் ஒன்று விறைத்துவிட்டது. மானசா அதற்கப்புறம் மூடியைத் திறக்கவே இல்லை. மடியில் வைத்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பத்து நாளில் நாலுதான் மிஞ்சின. தினம் காலையில் குப்பை வண்டிக்காரனிடம் பொட்டலம் பொட்டலமாகக் கொடுத்தார்கள். உமைரா சந்து முழுக்க பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். சாம்பல் பூனை பிழைத்தது. ஆனால் எலும்பும் தோலுமாகிப் பழைய ஓட்டம் போய்விட்டது. தை பிறந்ததும் எலிகள் வந்தன. யாரும் பிடிக்காத இடத்தில் மூன்று வாரத்துக்கு ஒரு ஈற்று என்று பெருகி, பகலிலேயே மூட்டை மேல் ஓடின.

பேராச்சியின் இருமலை முதலில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. எண்ணெய்ப் புகை என்றார்கள். பிறகு அவள் ஜாக்கெட் தோளில் நிற்கவில்லை. சாயங்காலமானால் உடம்பு கொதித்தது. மாசியில் ஒரு நாள் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தவள் சேலைத் தலைப்பை வாயில் பொத்தியபடி எழுந்து போனாள். தலைப்பில் ரத்தம். சளியைப் பரிசோதித்து டிபி என்று சொல்லிவிட்டார்கள்.

முனிசிபாலிட்டியிலிருந்து சாதனா என்ற மராட்டிப் பெண் வந்தாள். வாசலில் குனிந்து உள்ளே பார்த்து, இங்கே எத்தனை பேர் படுக்கிறீர்கள் என்று இந்தியில் கேட்டாள். மாட்டுங்காவில் இதே மாதிரிக் கேள்விக்குப் பட்டென்று பதில் சொன்ன மாரிசெல்வி இப்போது மகளைப் பார்த்தாள்.

"சாத்" என்று ஏழு விரலைக் காட்டினாள் மானசா.

சாதனா நல்லவள். பயப்பட வேண்டாம், ஆறு மாசம் மாத்திரை விடாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும், எல்லாரும் பரிசோதனைக்கு வாருங்கள் என்றாள். முதல் சில வாரமாவது பேராச்சிக்குத் தனியாக, ஜன்னல் உள்ள ஓர் அறை வேண்டும் என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவள், நாலு சுவரையும் பார்த்தாள். கதவையாவது திறந்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வானமாமலை டோம்பிவிலி வரை போய் வாடகைக்கு இடம் தேடினான். கைக்கு எட்டியது ஒன்றும் இல்லை. ஊரிலும் போய் இறங்க வீடு இல்லை. பரிசோதனையில் மானசா தப்பித்தாள். பேராச்சியின் சின்ன மகளுக்கு இருந்தது. அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது மாரிசெல்விக்கு முதலில் தோன்றியது, இவர்கள் எங்கேயாவது போய்த் தொலைந்தால் தேவலை என்பதுதான். அடுத்த நொடியே உடம்பு கூசியது. கூசியும் அந்த நினைப்பு போகவில்லை. வீடு வந்த பிறகும் மானசாவை ஏணிக்கு அந்தப் பக்கமே உட்காரச் சொன்னாள். பேராச்சி அதைப் பார்த்தாள்.

"நான் கீழ அடுப்பு பக்கத்துல படுத்துக்கிடுதேன் மாரி. பிள்ளையள நீ மேல வச்சுக்கோ" என்றாள்.

"கீழ எலி ஓடுதுக்கா."

"ஓடட்டும். அதுக்கும் போக்கிடம் வேணும்லா."

 மாரிசெல்வி பேராச்சியின் தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்து வைத்தாள். அப்படிச் செய்யத் தேவையில்லை என்று சாதனா சொல்லியிருந்தும் வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாகராஜ் அடுப்பை மூட்டவில்லை. எங்கேயோ கடப்பாரை இரவல் வாங்கி வந்து, பின்சுவரில் தலை மட்டத்தில் இடிக்க ஆரம்பித்தான். யாரையும் கேட்கவில்லை. மாவு மூட்டைகள் மேல் தூசி படிந்தது. பிள்ளைகள் சந்தில் நின்று எட்டிப் பார்த்தார்கள். முதல் செங்கல் வெளியே விழவில்லை, எதிலோ முட்டி நின்றது. இழுத்து எடுத்தான். இன்னும் நாலைந்தை எடுத்த பிறகு கையை நீட்டிப் பார்த்தான். முழங்கைகூட உள்ளே போகவில்லை. ஒரு சாண் இடைவெளி விட்டு அடுத்த வீட்டுச் சுவர். அதற்கும் ஜன்னல் இல்லை. அந்தப் பக்கம் யாரோ இருமுவதும், ஒரு குழந்தை அழுவதும் கேட்டன.

நாகராஜ் கடப்பாரையைச் சாய்த்துவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்தான்.

"காத்து வருதா?" என்று அடுப்படியிலிருந்து பேராச்சி கேட்டாள்.

மாரிசெல்வி போய் ஓட்டைக்கு நேரே உள்ளங்கையை வைத்தாள். சாக்கடை நாற்றம் வந்தது. கையை எடுக்காமல் நின்றாள்.

"கொஞ்சம் வருதுக்கா" என்றாள்.