கோப்பி மரத்தவர் இடம் மாறியது

1998 ஆகஸ்ட் பதினோராம் தேதி காலை, ஐவியின் தோப்பிலிருந்த கோப்பி மரத்தில் செதுக்கப்பட்டிருந்த மனிதர் அந்த மரத்தில் இல்லை. கோப்பி என்பது காப்பிச்செடி இல்லை, எங்கள் தீவுக் காட்டில் வளரும் பெரிய மரம். யாரும் பட்டையை உரித்துக்கொண்டு போயிருக்கவில்லை. கத்தியே படாததுபோல அடிமரம் வழவழவென்று மூடிக் கிடந்தது. தென்கடலின் நடுவே இருக்கும் எங்கள் ரேக்கோஹு தீவில் காற்றுக்கும் ஆடுகளுக்கும் தப்பி நின்ற செதுக்குருவங்கள் அப்போதே கொஞ்சம்தான். இவர் எங்கள் முன்னோரில் ஒருவர், விலா எலும்புகள் தெரிய, கைகள் இரண்டையும் உயர்த்தி, இருநூறு வருஷமாக அந்தப் பட்டையில் நின்றவர். எங்கள் மொரியோரி ஜனங்களில் ஐவியின் குடும்பத்துக்குத்தான் அவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. மரம் கிழமாகி உச்சி பட்டுப்போயிருந்தது எல்லோருக்கும் தெரியும். அவர் கிளம்பிவிடுவார் என்று மட்டும் யாரும் நினைக்கவில்லை.

நாலாம் நாள் நெவில் அவரைக் கண்டுபிடித்தான். நெவில் ஐவியின் சித்தப்பா மகன். சிங்கி இறால் பருவத்தில் கடலுக்குப் போவான், மற்ற நாளெல்லாம் கோப்பிக் கன்று நடுவான். பதினாலு வருஷத்தில் அறுநூறு கன்று நட்டிருந்தான். ஆடு தின்றது போக, உப்புக்காற்றில் கருகியது போக, கம்பிவேலிக்குள் முப்பத்தேழு மிஞ்சியிருந்தன. அதில் மணிக்கட்டு கனமேயிருந்த ஒரு கன்றில் அவர் நின்றார். இடம் போதாமல் தோள் குறுகி, முழங்கால் காதுவரை மடங்கி, நெரிசல் பேருந்தில் ஏறியவர்போல இருந்தார். வெட்டுகள் பச்சையாக இருந்தன, சாறு வழிந்துகொண்டிருந்தது.

ஐவி வந்து பார்த்து அழுதாள். நெவிலுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

"தாத்தா பத்திரமா இருக்காருடா, அது போதும்" என்றாள் ஐவி.

"அவரு பத்திரமா இருக்காருக்கா. கன்னு? இந்தச் சின்னத் தண்டுல இத்தனை ஆழம் வெட்டினா அது பிழைக்குமா?"

"உயிர் உள்ளதுலதான் அவங்களை வைக்க முடியும். செத்த கட்டையில வச்சா அது வெறும் படம்."

"சரி, அந்த உயிரைக் கேட்டாங்களா? அப்பவாவது, இப்பவாவது?"

அந்தக் கேள்வி ஐவிக்கும் புதிதில்லை. அவள் அம்மா உயிரோடு இருந்தபோது அவளே கேட்டு, அடி வாங்கியிருக்கிறாள்.

அக்டோபரில் கன்று இலையுதிர்த்தது, நவம்பரில் பட்டுப்போனது. மறுநாள் காலை அவர் பக்கத்துக் கன்றில் இருந்தார். அதுவும் நாலு மாதத்தில் போயிற்று. நெவில் கன்றுகளுக்குச் சாக்கு சுற்றிப் பார்த்தான், களிமண் பூசிப் பார்த்தான். சாக்குக்கு அடியில், களிமண்ணுக்கு அடியில், அவர் வந்து நின்றார். வேலிக்கு வெளியே முதிர்ந்த மரம் ஒன்றிரண்டு இருந்தும் அந்தப் பக்கம் அவர் திரும்பவேயில்லை. இரண்டரை வருஷத்தில் ஒன்பது கன்றுகள் செத்தன. கன்றுகள் சாவது தாங்காமல் ஐவியே நல்ல பலகையாகப் பார்த்து இழைத்துக் கொண்டுவந்து வேலியில் சாய்த்து வைத்தாள். நெவில் கோபத்தில் பழைய குளிர்சாதனப் பெட்டியின் கதவைக் கழற்றி வந்து அதன் பக்கத்தில் நிறுத்தினான். அவர் இரண்டையும் சட்டை செய்யவில்லை.

2001 தொடக்கத்தில் பெருநிலத்திலிருந்து மர நிபுணர் ஒருவர் விமானத்தில் வந்தார். நல்ல பெண்மணி. மூன்று நாள் மழையில் நின்று அளந்தார், வரைந்தார், உருவம் இடம் மாறியதைப் பற்றி ஒரு வார்த்தை சந்தேகம் கேட்கவில்லை. கடைசியில் ஐவியின் சமையலறையில் உட்கார்ந்து முடிவைச் சொன்னார்: உருவம் இருக்கும் பட்டையை இப்போதே உரித்தெடுத்துக் குளிர் அறையில் வைத்தால் உருவம் பிழைக்கும், இந்த ஒரு கன்று போகும், மற்றவை தப்பிக்கும்.

"எங்க ஆளுங்க நெறைய பேரோட எலும்பு ஏற்கெனவே பெட்டியில ஏறி எந்தெந்த மியூசியத்துக்கோ போயாச்சும்மா" என்றாள் ஐவி. "இன்னொருத்தரை நான் அனுப்ப மாட்டேன்."

நெவில் அவளை எதிர்த்துப் பேசுவான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு, "அக்கா சொல்றது சரி. ஆனா என் கன்னு சாகறதும் சரியில்ல. அவரை அனுப்பறது, கன்னு சாகறது ரெண்டும் சரியில்லன்னா நான் யாரைப் போய்த் திட்டறது?" என்றான். நிபுணர் சிங்கி இறாலைச் சாப்பிட்டுவிட்டு, 'தீர்வு எட்டப்படவில்லை' என்று நேர்மையாக எழுதி எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

யாரைத் திட்டுவது என்று நெவில் ஒரு வாரம் யோசித்தான். பிறகு ஒரு நண்பகலில், மழையோடு மழையாக, பத்தாவது கன்றின் முன்னால் போய் நின்று அவரையே திட்டினான். வேலி பழுதுபார்க்கப் போயிருந்த இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

"மனுஷனை மனுஷன் கொல்லக் கூடாதுன்னு சட்டம் வச்ச ஜனம்தானே நாம? அடிக்க வந்தவனைக் கூடத் திருப்பி அடிக்காம செத்தீங்களே! இந்தக் கன்னு உங்களை என்ன பண்ணுச்சு? அதுக்கு வாய் இல்ல, ஓடக் காலு இல்ல. இடம் வேணும்னா வாய் இருக்கறவன்கிட்ட கேளுங்க தாத்தா. என்கிட்ட கேளுங்க. நான் தர்றேன், போதுமா?"

கோபத்தில் சொன்னதுதான், யோசித்துச் சொன்னதில்லை என்று பிற்பாடு பலமுறை சத்தியம் செய்திருக்கிறான். வீட்டுக்கு வந்து தேநீர் பாதி குடிப்பதற்குள் முதுகு எரிந்தது. அவன் மனைவி பெரில் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். தோள்பட்டை தொடங்கி இடுப்புவரை, கைகளைத் தூக்கிக்கொண்டு, கால்களைத் தாராளமாக விரித்து, அவர் நின்றிருந்தார்.

"இடம் போதுமாம், நல்லா நீட்டி நிக்கறாரு" என்றாள் பெரில்.

அன்றிலிருந்து நெவில் மல்லாந்து படுத்ததில்லை. தெற்குக் காற்று திரும்பினால் வெட்டுகள் வலிக்கும். வசந்தத்தில் அவற்றிலிருந்து ரத்தமல்ல, பச்சை வாசனையோடு தெளிந்த நீர் கசியும். பெரில் சட்டைகளைத் தனியாக ஊறவைப்பாள். மருத்துவமனைத் தாதி 'பழைய தழும்பு, பராமரிப்பு நன்று' என்று குறித்து வைத்தார். படகில் கூட இருந்தவர்கள் முதல் பருவத்தில் எட்டிப் பார்த்தார்கள், இரண்டாவது பருவத்தில் அதையும் விட்டுவிட்டார்கள். ஐவி ஞாயிறுதோறும் வந்து, அவனைத் திரும்பி உட்காரச் சொல்லி, முதுகோடு பேசிவிட்டுப் போனாள். "எனக்கும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போக்கா" என்று அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே முனகுவான்.

பத்தாவது கன்று தழும்பில்லாமல் தேறியது. பன்னிரண்டு வருஷத்தில் இருபத்தெட்டும் மரமாகி, இடுப்பளவு பருத்து, ஆரஞ்சு நிறத்தில் காய்த்தன. நெவில் அதில் இருப்பதிலேயே பெரிய மரத்தைத் தேர்ந்து, அதன் முன் நின்று, இடம் தருகிறாயா என்று முறையாகக் கேட்டான். மரம் சரி என்று சொன்னதாக அவனுக்குப் பட்டது. சட்டையைக் கழற்றி அடிமரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, காலையிலிருந்து மத்தியானம்வரை சாரலில் நின்றான். நடுங்கி, இருமி, வாய்க்கு வந்ததைத் திட்டினான். அவர் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை.

"வாய் திறந்து நீயே கொடுத்த இடம்டா. விட்டுட்டுப் போக மனசு வரல அவருக்கு" என்றாள் ஐவி.

"நான் கொடுத்தது அவசரத்துக்குக்கா! ஆயுசுக்கும்னு சொன்னேனா?"

"எத்தனை நாளைக்குன்னும் நீ சொல்லலியே."

நெவில் சட்டையை மாட்டிக்கொண்டு, வேலியை இறுக்கப் போய்விட்டான்.

அந்த வருஷம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. பெரில் படிவத்தை விரித்து வைத்து, வீட்டில் எத்தனை பேர் என்று போடுவது என்று கேட்டாள். அவன் கவிழ்ந்து படுத்திருந்தான்.

"மூணுன்னு போடு."

"வயசு கேட்டிருக்கான்."

"இருநூறுக்கு மேலன்னு எழுது. கட்டத்துல இடமில்லைன்னா ஓரத்துல எழுது."

படிவம் வாங்க வந்த பெண் இதே தீவில் பிறந்தவள். மூன்று பெயர்களையும் ஒருமுறை படித்தாள், கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தாள், மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.