வெள்ளவத்தைக் கனவானின் கெப்

எங்கள் நாட்டில் வயது போகப் போக விலை கூடுவது இரண்டே இரண்டுக்குத்தான். ஒன்று காணி, மற்றது பின்னால் பாரம் ஏற்றுகிற கெப் வண்டி. இருபத்திரண்டு இலட்சத்துக்கு வாங்கி, பன்னிரண்டு வருடம் அடித்து ஓட்டிய வண்டிக்கு அறுபது இலட்சம் என்று விலை போட உட்கார்ந்தபோது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பிறகு இணையத்தில் மற்றவர்கள் போட்டிருந்த விலைகளைப் பார்த்தேன். வெட்கம் விட்டுப் போயிற்று.

கொட்டாஞ்சேனையில் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் கதிரை மேசை வாடகைக்குக் கொடுத்து வந்தவன் நான். அறுபத்தாறு வயதில் முழங்கால் கிளச்சை மிதிக்க மறுத்துவிட்டது. கதிரைகள் ஏற்கெனவே போய்விட்டன. மிஞ்சியது இந்தக் கெப் ஒன்றுதான். இதை விற்கிற காசில்தான் எனக்கும் மனைவி கொன்ஸ்ரன்ஸுக்கும் மீதிக் காலம் ஓட வேண்டும். இறக்குமதித் தடை நீங்கிக் கப்பல்கள் மறுபடி புது வாகனங்களை இறக்கத் தொடங்கியிருந்தன, விலை விழுவதற்குள் தள்ளிவிடு என்று எல்லோரும் சொன்னார்கள்.

விளம்பரம் எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது. "குடும்பப் பாவனை" என்று போட்டேன். அதில் பொய் இல்லை. ஐந்நூறு குடும்பங்களாவது பாவித்திருக்கும். "பாரம் ஏற்றியதில்லை" என்று எழுதப் போனேன், கொன்ஸ்ரன்ஸ் என்னைப் பார்த்த பார்வையில் அதை வெட்டிவிட்டேன். ஆனால் வண்டிக்கு உண்மையாகவே ஒரு பெருமை இருந்தது, அதைத் தலைப்பாகவே வைத்தேன். "ஒரே உரிமையாளர். வெள்ளவத்தைக் கனவான்."

அந்தக் கனவானை நான் கண்டதே இல்லை. அவர் தரகர் ஒருவனுக்கு விற்றார், தரகன் எனக்கு விற்றான். அவர் கையெழுத்துப் போட்ட படிவத்தில் வாங்குபவரின் பெயர் வெறுமையாக இருந்தது, நானும் அதை வெறுமையாகவே விட்டுவைத்தேன். இதற்கு ஓபன் பேப்பர் என்று பெயர். ஊரில் பாதி வாகனம் இப்படித்தான் ஓடுகிறது. பெயர் மாற்றும் செலவு மிச்சம், விற்கும்போது ஒரே உரிமையாளர் என்று சொல்லி மூன்று இலட்சம் கூடக் கேட்கலாம். எனக்கு இன்னொரு வசதியும் கிடைத்தது. அரசாங்கம் நிவாரணக் காசு கொடுக்கத் தொடங்கி, வீட்டில் வாகனம் உண்டா என்று கேட்டபோது, என் பெயரில் ஒன்றும் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். கடதாசியில் நான் ஏழை. கொன்ஸ்ரன்ஸ் மாதாமாதம் வங்கி வரிசையில் நின்று அந்தக் காசை எடுத்து வருவாள்.

விளம்பரம் போட்டு மூன்றாவது கிழமை கிராண்ட்பாஸிலிருந்து நிலாம் வந்தார். வெங்காயம் மொத்த வியாபாரம். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார், எண்ணெய் மணந்து பார்த்தார், பின்சீற்றுக்குக் கீழேயிருந்து காய்ந்துபோன புரியாணிச் சோறு நாலைந்து பருக்கை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். குடும்பப் பாவனையைப் பற்றி வேறொன்றும் கேட்கவில்லை. ஐம்பத்தேழுக்குப் பேசி முடித்தோம். ஆனால் பழைய படிவம் வேண்டாமாம். அதில் மழை பட்டு மை ஊறியிருந்தது. உரிமையாளரிடம் புதிதாக ஒரு கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். சனிக்கிழமைக்குள் வராவிட்டால் வத்தளையில் இன்னொரு கெப் பார்த்து வைத்திருப்பதாகவும் சொன்னார்.

புதன்கிழமை கெப்பிலேயே வெள்ளவத்தைக்குப் போனேன். பதிவுப் புத்தகத்தில் இருந்த விலாசம் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு மாடிக் கட்டடம். சாரங்கன் என்ற அந்தக் கனவான் நாலாம் மாடியில், லிப்ட் பழுதான கட்டடத்தில், ஒற்றை அறையில் இருந்தார். ஒரு காலத்தில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருந்தாராம். இப்போது சிறுநீரகம் பழுது. கிழமையில் இரண்டு நாள் இரத்தம் சுத்தம் செய்யப் போகிறார், பஸ்ஸில்.

நான் யார் என்று சொல்லவில்லை. அவர் ஜன்னலால் கீழே எட்டிப் பார்த்தார், வெள்ளைக் கெப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கதிரையை என் பக்கம் தள்ளிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"வந்திட்டீங்கள். பொரளைச் சந்தியில ஒருக்கா கண்டனான் அண்ணை. நடு றோட்டில நிண்டு கையைக் காட்டினன். நீங்கள் நிக்கேல்லை."

எனக்கு ஞாபகம் இருந்தது. யாரோ லிப்ட் கேட்கிறான் என்று நினைத்து மிதித்துக்கொண்டு போனேன்.

கட்டிலுக்குக் கீழேயிருந்து கடிதங்கள் அடுக்கிய கோப்பு ஒன்றை எடுத்தார். பன்னிரண்டு வருடமாக என் கெப் செய்த குற்றமெல்லாம் திகதி வாரியாக அதில் இருந்தன. சிவப்பு விளக்கைத் தாண்டியது, நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தியது, வருட வரி பிந்தியது. வத்தளையில் ஒரு கலியாண வீட்டு மதிலைப் பின்னால் இடித்துவிட்டு நான் நைசாக வந்துவிட்ட கதையும் இருந்தது, சட்டத்தரணியின் கடிதமாக. மதிலுக்கு அவர் காசு கட்டியிருந்தார். வண்டியை விற்றுவிட்டேன் என்று போய்ச் சொன்னால், வாங்கியவரைக் கூட்டி வா என்றார்களாம். தரகனுடைய தொலைபேசி வேலை செய்யவில்லை.

இதெல்லாம் பரவாயில்லை என்றார் அவர். நிவாரணம்தான் கிடைக்கவில்லை. கெப் வைத்திருப்பவருக்கு நிவாரணம் எதற்கு என்று இரண்டு தரம் நிராகரித்துவிட்டார்கள். மூன்றாவது தரம் மேன்முறையீடு செய்தபோது அந்த அதிகாரிப் பிள்ளை நல்ல பிள்ளை, பொறுமையாகக் கேட்டாளாம். வண்டி இலக்கத்தைத் தன் போனில் தட்டிப் பார்த்திருக்கிறாள். பிறகு போனைத் திருப்பிக் காட்டியிருக்கிறாள்.

"உங்கட விளம்பரம். என்ர இலக்கத் தகடு பளிச்செண்டு தெரியுது. ஒரே உரிமையாளர், வெள்ளவத்தைக் கனவான். அறுபது இலட்சத்துக்கு வாகனம் விக்கிற ஆள் ஏன் ஐயா எங்களிட்ட வந்து நிக்கிறீங்கள் எண்டு அந்தப் பிள்ளை கேட்டது."

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை. நான் இரண்டு நாள் மினக்கெட்டுத் தேடிப் பிடித்த சொல் அந்தக் கனவான் என்ற சொல். அறையில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அந்தக் கோப்பின் மட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையெழுத்துப் போட அவர் தயார். பன்னிரண்டு வருடமாகத் தயார். ஆனால் நேரே நிலாமின் பெயருக்குப் போட மாட்டார். அப்படிப் போட்டால் நேற்றுவரை கெப் அவருடையதுதான் என்று ஆகிவிடும், விற்ற ஐம்பத்தேழு இலட்சம் எங்கே என்று அடுத்த கேள்வி வரும். முதலில் என் பெயருக்கு மாற வேண்டும். பன்னிரண்டு வருடமாக வண்டி என்னிடம்தான் இருந்தது என்று ஒரு கடிதமும் நான் எழுதித் தர வேண்டும். அப்படியானால் ஒரே உரிமையாளர் போய்விடும், மூன்று இலட்சமும் போய்விடும், என் நிவாரணமும் போய்விடும். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நாலு மாடியும் இறங்கினேன்.

வீட்டில் வந்து கொன்ஸ்ரன்ஸிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் எனக்காகப் பரிதாபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் வங்கிப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அந்த மனுசனுக்குப் போக வேண்டிய காசைத்தானே நான் வரிசையில நிண்டு எடுத்தனான். நாளைக்கு நீங்க போகாட்டி நான் போறன்."

போனேன். மனச்சாட்சி என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன், அவர் கையெழுத்து இல்லாவிட்டால் ஐம்பத்துநாலும் கிடைக்காது என்பதும் தெரியும். கடிதம் எழுதிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் கெப் என் பெயருக்கு வந்தது. வாழ்க்கையில் முதல் தரம் கடதாசியிலும் நான் ஒரு வாகனச் சொந்தக்காரன். சாரங்கன் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில் இனி ஒரு மனிதனுக்கும் இப்படிச் செய்ய மாட்டேன் என்று அந்தோனியாரிடம் சொன்னேன்.

சனிக்கிழமை நிலாம் வந்தார். பதிவுப் புத்தகத்தைப் புரட்டினார், இரண்டாவது பெயரைக் கண்டதும் எதிர்பார்த்தபடியே மூன்று இலட்சத்தைக் கழித்தார். கொன்ஸ்ரன்ஸ் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள். நான் புதுப் படிவத்தில் என் கையெழுத்தைப் போட்டுவிட்டு, அவர் பெயரை எழுத அடையாள அட்டையைக் கேட்டேன். அவர் சட்டைப் பைக்குள் கையை விடவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"அந்த எடத்த சும்மா உடுங்க கிளறன்ஸ் அண்ணன். வண்டி ஒங்கட பேர்லயே ஈக்கட்டும். நான் விக்கிய நேரம் ஓனர் கொறவா இருந்தாத்தான் நல்லம். அதுக்கு ஒரு லட்சம் கூட்டித் தாரன்."

குசினியில் கரண்டிச் சத்தம் கேட்டது. சீனி கலக்குகிறாள். யோசிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட இருக்கவில்லை. நாலாம் மாடி அறை ஞாபகம் வந்தது, கோப்பு ஞாபகம் வந்தது, பொரளைச் சந்தி ஞாபகம் வந்தது. எல்லாம் ஒழுங்காக ஞாபகம் வந்தன. படிவத்தை மடித்து நிலாமிடம் கொடுத்தேன். தேத்தண்ணி வந்தபோது ஐம்பத்தைந்து இலட்சம் மேசையில் இருந்தது. நிலாம் ஒரு இலட்சம் விட்டுக்கொடுத்தார், நல்ல மனிதர் என்று கொன்ஸ்ரன்ஸிடம் சொன்னேன். அவளும் நல்ல மனிதர் என்று சொல்லி அவருக்கு ஒரு துண்டு கேக் வைத்தாள்.

இரண்டு மாதத்தில் சாரங்கன் போன் எடுத்தார். நிவாரணம் வந்துவிட்டதாம், என்னை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராம். எங்கள் நிவாரணம் அதே மாதம் நின்றது. வண்டியை விற்றுவிட்டேனே என்று அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். வாங்கியவரைக் கூட்டி வரச் சொன்னார்கள். கிராண்ட்பாஸுக்குப் போனேன். கெப்பை இரண்டு கிழமையிலேயே கைமாற்றிவிட்டதாக நிலாம் சிரித்துக்கொண்டே சொன்னார். யாருக்கு என்று கேட்டேன். ஒரு தரகனுக்கு என்றார்.

முதல் கடிதம் நேற்று வந்தது. பொரளைச் சந்தியில் சிவப்பு விளக்கைத் தாண்டியதற்குத் தண்டப்பணம், உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர் முழுதாக. கொன்ஸ்ரன்ஸ் அதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அன்றைக்குக் குசினியில் இருந்த நேரத்தில் என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் ஒரு கோப்பு வாங்கி வந்தாள். தடித்ததாகப் பார்த்து வாங்கியிருந்தாள்.